வாலாட்ட மறுத்த மீன்

சாவியின் கழுத்து ஏற்கெனவே பட்டறை மேசையின் வைஸ் இடுக்கியில் இறுகியிருந்தது. பக்கத்திலேயே இரும்பறுக்கும் ஹேக்ஸா தயாராகக் கிடந்தது.

"பாஸ், நாம லேட்டா?" என்றான் ஆர்லோ புக்ஹோல்ட்ஸ், பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டியபடி.

"சாவிக்கு இன்னும் தலை இருக்கு. அப்ப லேட் இல்ல," என்றாள் லொரெய்ன் விஸ்நெவ்ஸ்கி.

விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் ஷூ தைத்துக்கொண்டிருந்த கட்டடத்தின் மாடி அது. இப்போது அங்கே இருப்பது ஷூ ஃபேக்டரி கிளப். வேலை முடிந்து வீட்டுக்குப் போகப் பிடிக்காதவர்களும், வீட்டில் பட்டறை போட இடமில்லாதவர்களும் சேர்ந்து நடத்துவது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி. எப்போது வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம், விரல்கள் எண்ணிக்கையில் குறையாதவரை. கிளப்புக்குத் துரோகம் செய்தால் மட்டும் ஒரே தண்டனை. எல்லோர் முன்னாலும் சாவியை அறுத்து, ஒரு பாதியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

லொரெய்ன் தனியார் துப்பறிவாளர். பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் போலி முதுகுவலிக்காரர்களைப் பின்தொடர்வது அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து நேரே வந்ததால் நல்ல கோட்டு போட்டிருந்தாள். ஆர்லோ அவளுடைய உதவியாளன். வெள்ளிக்கிழமைகளில் ஒரு போல்கா நடன இசைக்குழுவில் அக்கார்டியன் வாசிப்பான். மற்ற ஆறு நாளும் வாயை வாசிப்பான்.

"வந்துட்டீங்களா! நல்லது, நல்லது!" பேக்கர்ஸ் ஃபுட்பால் அணியின் பச்சைச் சட்டையும் மஞ்சள் தொப்பியுமாக வந்தார் கிளப் தலைவர் ஹார்லன் டீட்ஸ். பீர் ஆலையில் மெஷின் பார்த்து ஓய்வுபெற்றவர். லொரெய்னை வரவழைத்தவரும் அவரே. கூலிக்குப் பதில் அவளுடைய பனி தள்ளும் மெஷினைச் சரிசெய்து தருவதாகப் பேச்சு. "மதியம் ஆட்டம். அதுக்குள்ள சாவியை அறுக்கறதா வேண்டாமான்னு ஓட்டெடுப்பு முடியணும்."

"ஒருத்தர் மானத்தைவிட ஃபுட்பால் அவசரமா?"

ஹார்லனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "சிகாகோவோட ஆட்டம்," என்றார்.

உறுப்பினர்கள் கூடியிருந்த ஹாலின் நடுவே மேசைமேல் கிடந்தது அந்த மீன். ஆள் நீளத்துக்கு ஒரு ஸ்டர்ஜன். முதுகுச் செதில்கள் பழைய கார் நம்பர் பிளேட்டுகள். வால், சைக்கிள் டயர். வாய் மட்டும் தனியாகத் தெரிந்தது: மெருகேற்றிய மரத்தாடை. குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பறைக்காகச் செய்தது. திங்கட்கிழமை காலையில் ஒப்படைக்க வேண்டும்.

"சொல்லுங்க. சனிக்கிழமை என்ன நடந்துச்சு?" என்றாள் லொரெய்ன்.

"நான் சொல்றேன், இவர் சொன்னா ஆட்டமே முடிஞ்சிடும்." அடுப்பில் பீரில் வெந்துகொண்டிருந்த சாஸேஜ்களைக் கிளறியபடி குறுக்கிட்டாள் பெர்னிஸ் யான்கோ. கிளப்பின் செயலாளர், சமையல்காரர், சட்டப்புத்தகம் எல்லாம் அவளே. "ஆஸ்பத்திரியிலேர்ந்து ரெண்டு பேர் பார்க்க வந்தாங்க. ஸ்விட்சைப் போட்டோம். வால் ஆடணும், ஆடல. கண்ணு மூச்சு விடற மாதிரி மெல்ல மெல்ல ஏறி இறங்கணும். அதுவும் இல்ல. இருட்டா கிடக்கும், திடீர்னு ஒரு வெட்டு வெட்டும், மறுபடி இருட்டு. தாடை மட்டும் வெடுக் வெடுக்குனு இழுத்துச்சு. அந்தம்மா பாவம், 'கொஞ்சம் பயமா இருக்கு இல்ல?'ன்னாங்க."

"கொஞ்சம்னா ரொம்பன்னு அர்த்தம்," என்றான் ஆர்லோ. "நம்ம ஊர்ல யாரும் ரொம்பன்னு சொல்லமாட்டாங்க."

"கடைசியா உள்ள கைவச்சது நூ ஷியோங்," என்றார் ஹார்லன், குரலைத் தாழ்த்தி. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனியா வந்திருக்கா. ஒயர்களை மாத்தினேன்னு அவளே ஒத்துக்கிட்டா. தாடை நான் செஞ்சு வச்சது, வியாழக்கிழமை. அது அவளுக்குப் பிடிக்கலையோ என்னமோ. மீன் அவ வரைஞ்சது இல்லையா, இன்னொருத்தர் கை பட்டா…"

"கடைசியா கைவச்சது அவங்கதான்னு எப்படித் தெரியும்?"

பெர்னிஸ் கரண்டியோடு மீனருகே வந்தாள். வயிற்றில் ஒரு சின்னக் கதவு. "டேப் சட்டம். இதைத் திறக்கிறவங்க, மூடினதும் இடுக்குமேல தன்னோட கலர் டேப்பை ஒட்டணும். அடுத்து திறக்கிறவங்க அதைக் கத்தியால கீறிட்டுத் திறப்பாங்க, அப்புறம் தங்களோடதை ஒட்டுவாங்க. கீறாம முழுசா இருக்கிற டேப் யாரோடதோ, பொறுப்பு அவங்களோடது. ஹார்லன் ஆரஞ்சு. நூ பச்சை. நான் கறுப்பு, ஏன்னா கறுப்புல ஒல்லியா தெரிவேன்."

ஆரஞ்சு டேப் கீறப்பட்டுக் கிடந்தது. அதற்கு மேல், முழுசாக, பச்சை.

"காட்சி சொதப்பினதுலேர்ந்து யாரும் இதைத் தொடல," என்றாள் பெர்னிஸ். "ஓட்டெடுப்பு முடியறவரைக்கும் திறக்கக்கூடாது. அதுவும் சட்டம். நேத்திலேர்ந்து நான் இது பக்கத்துலயேதான் உட்கார்ந்திருக்கேன்."

லொரெய்ன் குனிந்து அந்தப் பச்சை டேப்பை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "காபி எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் நூ ஷியோங் உட்கார்ந்திருந்தாள். முப்பதைத் தாண்டிய வயது, நகரப் பேருந்து ஓட்டுநரின் ஜாக்கெட். கையில் கோப்பை இருந்தது. குடிக்கவில்லை.

"நீங்கதான் அவர் கூப்பிட்ட டிடெக்டிவா?"

"அவர் கூப்பிட்டார், நான் வந்தேன். யார் பக்கம்னு இன்னும் முடிவு பண்ணல," என்றாள் லொரெய்ன். "என்ன மாத்தினீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இவனுக்கும்."

"எனக்காக இன்னும் கொஞ்சம் மெதுவா," என்றான் ஆர்லோ.

நூ பையிலிருந்து ஒரு பச்சைப் பலகையை எடுத்தாள். உள்ளங்கை அளவு. ஓரங்களில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நடுவில் கறுப்பாக ஒரு சில்லு.

"மீனுக்குள்ள இருக்கிறதும் இதே மாதிரிதான். இந்தச் சில்லுக்கு ரெண்டே விஷயம்தான் தெரியும். கரண்ட்டைக் குடுக்கும், நிறுத்தும். பாதி குடுன்னா தெரியாது. அதனால ஏமாத்தறோம். கண்ணிமைக்கிறதுக்குள்ள நூறு தடவை குடுத்துக் குடுத்து நிறுத்தச் சொல்றோம். குடுக்கிற துடிப்பு அகலமா இருந்தா வால் வேகமா ஆடும், கண்ணு நல்லா எரியும். ஒடுக்கமா இருந்தா மெதுவா, மங்கலா. துடிக்கிற தாளம் மாறாது. துடிப்போட அகலம் மட்டும்தான் மாறும்."

"எங்க பேங்க் மேனேஜர் சிரிக்கிற மாதிரி," என்றான் ஆர்லோ. "விட்டு விட்டுத்தான் சிரிப்பார். மொத்தமா பார்த்தா அன்பா தெரியும்."

நூவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அவளே எதிர்பார்க்கவில்லை. "எல்லாத் துளையாலயும் இது முடியாது. நம்பர் பக்கத்துல அலை மாதிரி ஒரு நெளிகோடு தெரியுதா? அந்த ஆறு மட்டும்தான். வால் ஒன்பதுல இருந்துச்சு, கண்ணு பத்துல. நான் வாலை அஞ்சுக்கும் கண்ணை ஆறுக்கும் மாத்தினேன். புரோகிராம்லயும் நம்பரை மாத்தினேன். போட்டுப் பார்த்தேன். அழகா ஓடுச்சு. டேப் ஒட்டிட்டுப் போயிட்டேன்."

"வேற யாரும் அப்ப இல்லையா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஊர் வழக்கப்படி எல்லாரும் வறுத்த மீன் சாப்பிடப் போயிருந்தாங்க."

"ஒரு மீனைக் காப்பாத்த ஒருத்தர். மிச்ச மீனைத் தீர்த்துக்கட்ட ஒரு கிளப்பு," என்றான் ஆர்லோ.

"ஏன் மாத்தினீங்க?" என்றாள் லொரெய்ன்.

நூவின் பார்வை ஹாலின் மறுகோடிக்குப் போனது. அங்கே ஹார்லன் ஒரு துணியால் அந்த மரத்தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தையின் கன்னத்தைத் துடைப்பதுபோல.

"அதை விடுங்களேன். மாத்தினதுக்கப்புறம் ஓடுச்சு. சனிக்கிழமை ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல. அன்னிக்கு எனக்கு ட்யூட்டி. வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு."

"சாவி வைஸில இருக்கு, நூ."

"தெரியும். என் கையாலதான் வச்சேன். வைக்கச் சொன்னாங்க." கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்க வீட்ல சாப்பாட்டு மேசைதான் எனக்குப் பட்டறை. ராத்திரி சாப்பாடு வந்தா எல்லாத்தையும் அள்ளி எடுத்துடணும். இங்கதான் ஒரு பொருளை வச்ச இடத்துல வச்சிட்டுப் போனா மறுநாள் அதே இடத்துல இருக்கும். சாவி போச்சுன்னா அது போச்சு. ஆஸ்பத்திரியிலயும், நான் வேணும்னே கெடுத்தேன்னு சொல்லிடுவாங்க." போனை எடுத்தாள். "வெள்ளிக்கிழமை எடுத்த வீடியோ இருக்கு. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

வீடியோவில் வால் மட்டும் தெரிந்தது. மெதுவாக ஆடியது, வேகம் பிடித்தது, மறுபடி மெதுவானது. கூடவே கொசு மாதிரி ஒரு மெல்லிய ரீங்காரம்.

"தேதி இருக்கே," என்றாள் லொரெய்ன்.

"இந்தக் கூட்டத்துல தேதியை யார் நம்புவா? எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டே தேதியை மாத்தறவங்க. இது புதன்கிழமை எடுத்தது, தாடை வைக்கிறதுக்கு முன்னாடி ஓடினப்ப எடுத்ததுன்னு ஹார்லன் சொல்லிட்டார். அவ்வளவுதான்."

ஆர்லோ பேசவில்லை. அதுவே அதிசயம். தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றான். கேட்டான். "புதன்கிழமை வீடியோ யார்கிட்டயாவது இருக்கா?"

"பெர்னிஸ் எடுத்தாங்க."

"பாஸ், கார் சாவி குடுங்க. டிக்கியிலேர்ந்து ஒரு சாட்சியைக் கூட்டிட்டு வரணும்."

சாட்சி, அவனுடைய அக்கார்டியன். அதை மார்பில் மாட்டிக்கொண்டு அவன் படியேறி வந்ததும் ஹால் முழுக்க முனகல் எழுந்தது.

"ஆட்டத்துக்கு முன்னாடி போல்காவா?" என்று யாரோ கத்தினார்கள்.

"ரெண்டே ஸ்வரம். அதுக்குமேல வேணும்னா காசு குடுக்கணும்," என்றான் ஆர்லோ. "பெர்னிஸ், புதன்கிழமை வீடியோவைப் போடுங்க. சத்தமா."

பெர்னிஸின் போனில் வால் ஆடியது. ரீங்காரம் எழுந்தது. ஆர்லோ ஒரு கட்டையை அழுத்தினான். ரீங்காரமும் அக்கார்டியனும் பாலும் சர்க்கரையுமாகக் கலந்தன.

"இப்ப நூவோடது."

நூவின் போன் பாடியது. ஆர்லோ அதே கட்டையை அழுத்தினான். இரண்டும் தள்ளித் தள்ளி நின்றன. விரலை நகர்த்தி மேலே ஒரு கட்டையை அழுத்தினான். கலந்தது.

"ஒரே ஸ்வரம்," என்றான். "ஆனா சரியா ஒரு ஸ்தாயி மேல. அப்பா பாடினதை மக பாடற மாதிரி. இது ஒரே நாள்ல எடுத்த ஒரே வீடியோ இல்ல, நண்பர்களே."

"அட, இதுல என்ன இருக்கு?" ஹார்லன் முன்னால் வந்தார். "வேகத்தைக் கூட்டி வச்சிருப்பா. மோட்டார் கீச்சுன்னு கத்தியிருக்கும்."

"அப்படின்னா வால் மெதுவாகும்போது சுருதி இறங்கணுமே? மறுபடி கேளுங்க. வால் ஏறுது, இறங்குது. சுருதி அசையல. தூண் மாதிரி நிக்குது."

"ஏன்னா அது வேகத்தோட சத்தம் இல்ல," என்றாள் நூ. முதல்முறையாக எழுந்து நின்றாள். "துடிப்போட சத்தம். வேகம் மாறினா அகலம்தான் மாறும், தாளம் மாறாது. ஆனா அஞ்சாம் துளைக்கும் ஆறாம் துளைக்கும் தாளமே தனி. மத்த நாலு துளையைவிட ரெட்டை வேகத்துல துடிக்கும்."

"ரெட்டை வேகம்னா ஒரு ஸ்தாயி மேல," என்றான் ஆர்லோ. "இது அக்கார்டியனுக்கும் தெரியும், கொசுவுக்கும் தெரியும்."

பெர்னிஸ் ஹார்லனைப் பார்த்தாள். "உண்மையா?"

ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அஞ்சும் ஆறும் ரெட்டை வேகம்தான். அது உண்மைதான்."

"ஆக, நூ ஒயரை மாத்தினதுக்கு அப்புறம் எடுத்த வீடியோதான் இது," என்றாள் லொரெய்ன். "மாத்தினாங்க. மீன் ஓடுச்சு. அவங்க சொன்னது அத்தனையும் நிஜம்."

"சரி, வெள்ளிக்கிழமை ஓடுச்சுன்னே வச்சுக்குவோம்," என்றார் ஹார்லன். "சனிக்கிழமை ஏன் செத்துச்சு? நடுவுல யாரும் திறக்கல. டேப் பச்சைதானே? உள்ள வேற என்னமோ பண்ணியிருக்கா. அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டேன்!"

குரலில் கள்ளம் இல்லை. நிஜமாகவே அவர் அப்படித்தான் நம்பினார். அதுதான் லொரெய்னுக்கு வேடிக்கையாக இருந்தது.

மூலையில் டிவி, வீரர்கள் மைதானத்தில் ஓடிப் பழகுவதைக் காட்டத் தொடங்கிவிட்டது. இரண்டு பேர் நைசாக நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினார்கள்.

"நல்ல கேள்வி, ஹார்லன்," என்றாள் லொரெய்ன். "சீக்கிரமா முடிச்சிடலாம். உள்ள எது எதோட இணைஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியணும். கதவைத் திறக்கக்கூடாது, சட்டம் இருக்கு. ஆனா இந்த மீனோட குடலெல்லாம் உங்க மண்டைக்குள்ள இருக்குமே?"

"கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேன்."

"கண்ணைக் கட்ட வேண்டாம். இந்த நிமிஷம் உள்ள எப்படி இருக்கோ, அப்படியே வரைஞ்சு காட்டுங்க."

ஹார்லன் உற்சாகமாக வெள்ளைப் பலகைக்குப் போனார். மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றினார். சதுரம் போட்டார், துளைகள் போட்டார், நம்பர்கள் போட்டார். "இது என் தாடை, ஏழாம் துளை. நெளிகோடு இல்லாத துளை, யாருக்கும் தொந்தரவு கிடையாது. இது வால், ஒன்பது. இது கண்ணு, பத்து."

மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுத் திரும்பினார். எல்லோருடைய கண்களும் பலகையில் இருந்த ஒன்பதிலும் பத்திலும் நின்றன.

"என்ன?" என்றார்.

"அஞ்சுக்கும் ஆறுக்கும் மாத்தினாங்கன்னுதானே அவங்க மேல குற்றச்சாட்டு?" என்றாள் லொரெய்ன். "அதுக்கப்புறம் யாரும் திறக்கலைன்னு இப்பத்தான் சொன்னீங்க. அப்ப வால் எப்படி ஒன்பதுக்குப் போச்சு?"

"மீனுக்குக் கால் கிடையாது, பாஸ்," என்றான் ஆர்லோ.

ஹார்லனின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. "பழைய… பழைய படத்தை ஞாபகத்துல வச்சு வரைஞ்சிட்டேன்…"

"பெர்னிஸ், அந்தப் பச்சை டேப்புக்கு இடதுபக்கம் பாருங்க. விரலளவு தள்ளி."

பெர்னிஸ் குனிந்தாள். "பெயின்ட் உரிஞ்சிருக்கு. நீளவாக்குல, ஒரு பட்டை." இன்னும் குனிந்தாள். "டேப் அகலத்துக்கு."

"முதல்ல டேப் ஒட்டியிருந்த இடம் அது. யாரோ அதைக் கீறாம, பொறுமையா உரிச்சிருக்காங்க. பெயின்ட்டும் கூட வந்திடுச்சு. வேலை முடிஞ்சதும் அதே டேப்பை மறுபடி ஒட்டியிருக்காங்க, கொஞ்சம் தள்ளி. திறங்க. ஓட்டெடுப்பை நானே ரத்து பண்றேன்."

பெர்னிஸ் சட்டத்தை ஒரு கணம் யோசித்தாள். பிறகு கத்தியை எடுத்துக் கீறினாள். டார்ச் அடித்தாள்.

"ஒன்பது. பத்து," என்றாள். திரும்பினாள். "ஹார்லன்?"

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சனிக்கிழமை விடிஞ்சதும் வந்தேன்," என்றார். "காட்சிக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாம்னு. உள்ள பார்த்தா ஒயர் ரெண்டும் இடம் மாறியிருக்கு. சுவத்துல ஒட்டியிருக்கிற படத்துல ஒன்பது, பத்துன்னுதானே இருக்கு? பஸ் ஓட்டி அலுத்து வந்து தப்பா சொருகிட்டா, பாவம்னு நினைச்சேன். சரியான இடத்துல வச்சேன். என்கிட்ட இருந்த புரோகிராமை மறுபடி ஏத்தினேன். கண்ணு லேசா வெட்டுச்சு, சூடானா சரியாயிடும்னு விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் உங்க டேப்பை ஒட்டல?" என்றாள் பெர்னிஸ்.

"அவ பச்சைக்கு மேல என் ஆரஞ்சை ஒட்டினா, கிளப்பே பார்க்கும். நூ தப்பு பண்ணினா, கிழவன் திருத்தினான்னு ஆயிடும். அது மரியாதையா இருக்காதேன்னு…"

"மரியாதை!" என்றாள் பெர்னிஸ், கரண்டியை ஓங்கி.

"அதுக்கப்புறம் மீன் செத்துப்போச்சு. ஒயரை நான் சரியாத்தானே வச்சேன்? அப்ப அவ வேற எதையோ கெடுத்திருக்கான்னு தோணுச்சு. நான் திறந்தேன்னு அந்தக் கூட்டத்துல சொல்ல வாய் வரல. ஒரு நாள் தள்ளிப்போச்சு, அப்புறம் சொல்லவே முடியல." எழுந்தார். பாக்கெட்டிலிருந்து தன் சாவியை எடுத்தார். வைஸ் இருக்கும் பக்கம் நடந்தார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ஒருவரும் தடுக்கவில்லை. டிவியைக்கூட யாரும் பார்க்கவில்லை.

"நில்லுங்க, ஹார்லன்," என்றாள் நூ. "நீங்க எதையும் கெடுக்கல. நானும் கெடுக்கல."

"அப்ப மீன் ஏன் செத்துச்சு?"

நூ மீனின் வாயைப் பார்த்தாள். "உங்க தாடையால."

ஹார்லன் நின்றார்.

"சில்லுக்குள்ள மூணு தாளக்காரங்க இருக்கற மாதிரி நினைச்சுக்குங்க. ஆளுக்கு ரெண்டு துளை. தாடையை அசைக்கிற மோட்டாருக்குன்னு ரெடிமேடா ஒரு புரோகிராம் சேர்த்தீங்க இல்ல? எல்லாரும் சேர்க்கிறதுதான். அதுக்கு ஒரு தாளக்காரன் வேணும். ஒன்பது, பத்துக்குத் தாளம் போடறவனை அது கூட்டிட்டுப் போயிடும். தாடை ஏழுல இருந்தாலும் சரி, வேற எங்க இருந்தாலும் சரி. அதுக்கப்புறம் ஒன்பதும் பத்தும் வெறும் ஸ்விட்ச்தான். முழுசா குடுன்னா குடுக்கும், பாதி குடுன்னா கையை விரிக்கும். அதனாலதான் கண்ணு உச்சத்துக்குப் போறப்ப மட்டும் வெட்டுச்சு. ஒரே ஆளை ரெண்டு பக்கமும் இழுத்ததுல தாடையும் வெடுக்குனு இழுத்துச்சு. வெள்ளிக்கிழமை பார்த்தப்பவே புரிஞ்சிடுச்சு. அஞ்சையும் ஆறையும் பார்த்துக்கிறவன் வேற ஆள். அங்க மாத்தினேன்."

"இதை ஏன் அப்பவே சொல்லல?" என்றாள் லொரெய்ன். "கிளப்போட சாட் குரூப்ல ஒரு வரி போட்டிருந்தா போதுமே?"

"போட்டா, ஹார்லனோட தாடையால வால் செத்துச்சுன்னு எல்லாரும் படிப்பாங்க. அந்தத் தாடை எதுல செஞ்சதுன்னு தெரியுமா? அவர் அண்ணன் லெராய் குளிர்காலத்துல உறைஞ்ச ஏரிமேல வச்சிருந்த மீன்பிடிக் குடிசையோட கதவு. லெராய் போன மாசம்தான் இறந்தார். நேர்ல, தனியா சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

ஆர்லோ ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை ஓட்டினான். "பாஸ், நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க. இவங்க அவர் மனசு நோகக்கூடாதுன்னு வாயைத் திறக்கல. அவர் இவங்க மனசு நோகக்கூடாதுன்னு டேப்பை ஒட்டல. ரெண்டு மரியாதையும் சேர்ந்து ஒரு மீனைக் கொன்னுடுச்சு."

"குற்றவாளி யார்னு எழுதிக்கவா?" என்றாள் பெர்னிஸ்.

"விஸ்கான்சின்," என்றான் ஆர்லோ.

லொரெய்ன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "நூ, வீடியோ எல்லாம் போதும். எனக்கு மீன் வேணும்."

நூ முட்டிபோட்டு மேசைக்கருகே உட்கார்ந்தாள். இரண்டு ஒயர்களையும் இழுத்து இடம் மாற்றினாள். மடிக்கணினியைச் செருகித் தன் புரோகிராமை ஏற்றினாள். எழுந்து ஹார்லனைப் பார்த்தாள். "ஸ்விட்சை நீங்க போடுங்க."

ஹார்லன் போட்டார்.

முதலில் கண்கள். அடியிலிருந்து மேலே, மெல்ல, தூங்கி விழிக்கிற குழந்தைபோல வெளிச்சம் ஏறியது, தயங்கியது, இறங்கியது. பிறகு சைக்கிள் டயர் வால் இடமும் வலமும் சோம்பலாக அசைந்தது. ரீங்காரம் எழுந்தது. லெராயின் குடிசைக் கதவு, இழுப்பு இல்லாமல், அவசரம் இல்லாமல், வாயைத் திறந்து மூடியது. ஆர்லோ மேலே இருந்த அந்தக் கட்டையைத் தேடி மெதுவாக அழுத்தினான். கலந்தது.

டிவியில் விசில் ஊதியது. ஆட்டம் தொடங்கிவிட்டது. யாரும் திரும்பவில்லை.

"கொஞ்சம் நல்லா இருக்கு இல்ல?" என்றார் ஹார்லன், மூக்கை உறிஞ்சியபடி.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் நூ.

வயிற்றுக் கதவை ஹார்லனே சாத்தினார். பச்சை டேப்பைத் தேடினார். நூ அவர் கையில் ஆரஞ்சுச் சுருளை வைத்தாள்.

"கடைசியா மூடினது நீங்க. ஒட்டுங்க."

"சரி பண்ணினது நீதானே?"

"தாடை உங்களோடது. ஒட்டுங்க. பெயின்ட்டை உரிக்காம."

அவர் ஒட்டினார். அவள் பச்சையில் ஒரு துண்டைக் கிழித்து, அதற்கு மேல் இல்லாமல், பக்கத்தில் ஒட்டினாள்.

"பக்கத்துல பக்கத்துல ஒட்டச் சட்டத்துல இடமில்லையே," என்றாள் பெர்னிஸ். பிறகு தோளைக் குலுக்கினாள். "இப்ப இருக்கு. சாஸேஜ் ஆறுது, வாங்க."

நாற்காலிகள் டிவி பக்கம் இழுபட்டன. நூ மட்டும் வைஸுக்குப் போனாள். கைப்பிடியைத் தளர்த்தப் பார்த்தாள். அசையவில்லை.

"அது அப்படித்தான், அடம் பிடிக்கும்." ஹார்லன் பின்னால் வந்து நின்றிருந்தார். கைப்பிடியின் அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். வைஸ் வாய் திறந்தது.

சாவியின் கழுத்தில் இரண்டு பக்கமும் வைஸின் பல் பதிந்திருந்தது. நூ அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"திறக்குமா?" என்றார் அவர்.

"நாளைக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வண்டி காலையில வருது." சாவியை ஜாக்கெட் பாக்கெட்டில் போட்டாள். "நான்தான் முதல்ல வந்து கதவைத் திறக்கணும்."